தொட்டியில் பிடித்த பாசம்

வழவழப்புத்தானா, இல்லை வெறும் ஈரமா? சுகந்தி நடுவிரல் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். தேய்த்துப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரியும். நேற்றுப் பொழுதோடு வீட்டுக் கொட்டகைக்குள் போய்த் தொட்டியில் கையை விட்டு, கடைசித் தட்டின் ஓரத்தைத் தடவியபோது எதுவோ விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகு அந்தக் கையால் சோறு பிசைந்தாயிற்று, பாத்திரம் விளக்கியாயிற்று, காலையில் சோப்புப் போட்டுக் குளித்து, திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் வந்தாயிற்று. இன்னுமா ஒட்டிக்கொண்டிருக்கும்? இருந்தாலும் விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஏசி அவளுக்காகவே திருப்பி வைத்த மாதிரி பிடரியில் அடித்தது. இரும்பு நாற்காலி சேலையைத் தாண்டிச் சில்லென்று ஏறியது. இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் கட்டிய புதுக் கட்டடம், பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில், 'வங்கிகள் தயங்கும் இடத்துக்கு நாங்கள் முதலில் வருகிறோம்.' வந்தது யார், ரெண்டு பஸ் மாறி நான்தானே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர், தென்னை மரம் ஏறும் எந்திரத்தின் ஒரு காலை மட்டும் கழற்றி எடுத்து வந்து மடியில் குழந்தை மாதிரி கிடத்தி வைத்திருந்தார். முழு எந்திரத்தையும் லிப்டில் ஏற்ற விடவில்லையாம். உள்ளே ஒருவரைக் கூப்பிட்டு வெகுநேரம் ஆகிறது. அடுத்தது இவர், அதற்கடுத்தது அவள்.

இவர்கள் கொடுக்கிற பணத்துக்கு விதை நிதி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆயிரம் பேர், விதைக்கு ஊற்ற நாங்கள் மட்டுந்தான் என்று பயிற்சி வகுப்பில் ஒருவர் பேசினார். பேச்சென்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விதை ஏற்கெனவே முளைத்து ரெண்டு இலை விட்டிருக்க வேண்டும், இலையில் பூச்சி இருக்கக் கூடாது, கூப்பிட்ட நாளில் கையோடு கொண்டுவந்து காட்டவும் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கூத்து. இருந்தாலும் இவர்களை விட்டால் யார்? வங்கி மேனேஜர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, கிருமிய எப்படிங்க அடமானம் வெக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். சாயப்பட்டறை முதலாளிகள் சிரிக்கக்கூட இல்லை. பட்டறை அளவுக்குப் பெருசா ஓட்டிக் காமி, அப்புறம் பாக்கலாம் என்றார்கள். பெரிசாக ஓட்டப் பணம் வேண்டும், பணம் கொடுக்கப் பெரிசாக ஓடியிருக்க வேண்டும். இப்படியே செக்குமாடாகச் சுற்றிச் சுற்றித்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பூட்டிக் கிடந்த ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் கண்ட அந்தக் குழியை நினைத்தாள். அப்போது சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. ஊரெல்லாம் சாக்கடை ரத்தமாக ஓட, அந்தக் குழியில் மட்டும் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடியில் பழுப்பாக, வழவழவென்று ஒரு வழும்பு. எத்தனை வருஷம் சாயத்தையே தின்று தின்று பழகிய கிருமிகளோ, யாரும் சொல்லிக் கொடுக்காமல் தாமாகவே கற்றுக்கொண்டிருந்தன. டிபன் பாக்ஸைக் கழுவி அதில்தான் அள்ளிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவே இல்லை, அந்தச் சந்தோஷம் இன்னும் வயிற்றில் இருக்கிறது.

அதை ஒரு தொட்டியில் குடிவைக்க நாலைந்து வருஷம் ஆனது. பழைய கிரைண்டர் மோட்டார், ஒரு தண்டு, அதில் கோத்த பிளாஸ்டிக் தட்டுகள். தட்டுகள் பாதி சாயத் தண்ணீரிலும் பாதி காற்றிலுமாக மெல்லச் சுற்றும். சுற்றச் சுற்ற அந்த வழும்பு தட்டில் படிந்து தடித்தது. தடித்த பிறகு, சிவப்பாக உள்ளே போகும் தண்ணீர் வெளுத்து வெளியே வந்தது. தட்டு ஒன்றுமில்லை, மோட்டார் ஒன்றுமில்லை, எல்லாம் அந்த வழும்புதான். அதிலும் ஒரு ரகம் இல்லை, எத்தனையோ ரகம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தனித்தனியாகப் பிரித்து வளர்த்தால் ஒன்றுகூடச் சாயத்தைத் தொடாது, சேர்ந்திருந்தால்தான் தின்னும். இதை அவள் மேனேஜரிடம் சொன்னாள், முதலாளிகளிடம் சொன்னாள், லிப்டில் ஏறி இறங்குகிற நேரத்துக்குள் முன்பின் தெரியாத பணக்காரர் ஒருவருக்கு எப்படிச் சொல்வது என்று பயிற்சி வகுப்பில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். வீட்டில் சொன்னாளா? யோசித்தாள். சொன்ன மாதிரிதான் இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்காரர் வேலை விட்டு வந்து, "சிஸ்டம் எப்படி ஓடுது அம்மிணி?" என்று கேட்பார். "ஓடுதுங்க" என்பாள். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்று துணி வெட்டிவிட்டு வருகிற மனுஷனிடம் கிருமியைப் பற்றி என்ன பேசுவது? வீட்டுக்குள்ளேயே சாக்கடையக் கொண்டாந்து வெச்சுக்கிட்டா என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். அதற்காக அவர் ஒரு வார்த்தை அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பாள்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல சிரிப்பா, கேலிச் சிரிப்பா? கதவு தடிமன், தெரியவில்லை. பொள்ளாச்சிக்காரர் அவளைப் பார்த்து, "உங்களுதுங்க?" என்றார். "சாயத் தண்ணி சுத்தம் பண்றதுங்க" என்றாள். "கொண்டாரலீங்களா?" என்று அவள் மடியைப் பார்த்தார். மடியில் கைப்பைதான் இருந்தது. "கொண்டார முடியாதுங்க, தொட்டி" என்றாள். "ஓடுதுங்களா?" என்ன இது, ஊரில் ஒருத்தருக்கும் வேறு கேள்வியே தெரியாதா? "ம்" என்று தலையை ஆட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, தட்டு சுற்றுகிறது, சிவப்பாகப் போகும் தண்ணீர் சிவப்பாகவே வருகிறது. அதுவும் ஓட்டம்தானே? இவர் வேறு எந்திரத்தின் காலை அப்படித் தடவுகிறார், தடவினால் அது தேய்ந்தா போய்விடும், இரும்பு, எத்தனை துடைத்தாலும் இரும்பு. இவர் வீட்டில் ஆயுத பூஜைக்கு இதைக் கழுவியிருப்பார்கள், எண்ணெய் போட்டிருப்பார்கள், பொட்டு வைத்திருப்பார்கள், மறுநாள் முன்னைவிட நன்றாக மரம் ஏறியிருக்கும். கழுவினால் கெட்டுப்போகிற பொருளை இந்த நாட்டில் யாராவது கண்டுபிடிப்பார்களா, என்னைத் தவிர?

அந்தச் சாயங்காலம் மறுபடியும் நினைப்பில் வந்தது. வராதே என்றால் கேட்கிறதா, பல்லில் சிக்கின நார் மாதிரி நாக்கு அங்கேயேதான் போகிறது. இதே கட்டடத்தில் பயிற்சி வகுப்பு, கட்டாயம் வந்து தங்க வேண்டும், வராதவர்களுக்கு நேர்காணல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி வகுப்பு முடிந்து ஆயுத பூஜையன்றைக்குப் பொழுதோடு வீடு திரும்பினாள். தெருவெல்லாம் பொரியும் பூசணிக்காயுமாகக் கிடந்தது. அவர் வாசலிலேயே நின்றிருந்தார், குளித்து வேட்டி கட்டி, புதுமாப்பிள்ளை மாதிரி ஒரு வெட்கச் சிரிப்போடு. "கண்ண மூடிக்க அம்மிணி" என்று கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தனை வருஷத்தில் அவராக அந்தக் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் திறந்தாள். ரெண்டு பக்கமும் வாழைக்கன்று, மோட்டாருக்குச் சந்தனம், தொட்டிக்கு மூன்று பக்கமும் குங்குமம், முன்னால் இலை போட்டு அவல் பொரி கடலை. தட்டுகள் பளபளவென்று வெள்ளை வெளேரென்று கடையிலிருந்து வாங்கி வந்தது போல இருந்தன. "என்ன பாசம் புடிச்சுக் கெடந்துச்சுங்கற! கம்பெனில நாங்க பூரா மிசினும் தொடச்சுப் பொட்டு வெக்கறோம், உன்ற மிசினு மட்டும் அனாதையாட்ட கெடக்கலாமா? பிளீச்சிங் பவுடரு போட்டு ஊற வெச்சு, தேங்கா நாருல ஒவ்வொரு தட்டாத் தேச்சனாக்கும். பாரு, கையெல்லாம் வெந்துபோச்சு" என்று உள்ளங்கையைக் காட்டினார். உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. பாசி என்பதை அவர்கள் ஊரில் பாசம் என்றுதான் சொல்வார்கள், அவளும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தாள். அந்தக் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் ஆரத்தி காட்ட, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பெண்பிள்ளைக்கு வாய் வரும்? சரி, மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அவர் கம்பெனியில் எல்லாரிடமும், என்ற சம்சாரத்து மிசினுக்கும் பூசை போட்டாச்சு என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பூசை போட்ட கையோட வந்துச்சு பாத்தியா என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீங்கள் கொன்றுவிட்டீர்கள் என்றா? அவரைப் பார்த்தால் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காக அழுகை வந்தது, ரெண்டையும் மென்று விழுங்கிக்கொண்டு ரசம் வைத்தாள். அந்தக் குழியைத் தேடிப் போனாள். அங்கே கல்யாண மண்டபத்துக்காரர்கள் கார் நிறுத்தக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். அவள் படித்த கல்லூரிக் குளிர்பெட்டியில் அந்த வழும்பில் கொஞ்சம் போட்டுப் பத்திரமாக வைத்த சின்னக் குப்பிகளை எடுத்து வந்து கெஞ்சிக் கெஞ்சி வளர்த்தாள். ஏதேதோ வளர்ந்தது, வெள்ளையாக நுரைத்தது, நாறியது, சாயத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உறைந்ததில் எது எது செத்ததோ, உயிரோடு வந்தவை அநாதைகள். கடைசியில் தண்டும் தட்டும் சேருகிற இடுக்கில், அவர் நார் எட்டாத இடத்தில், கொண்டை ஊசியை விட்டு நோண்டினாள். கடுகளவு பழுப்பு வந்தது. அதைத் திரும்பத் தொட்டியில் கரைத்துவிட்டு, சாமி கும்பிடுவதை விட்டு வெகுகாலமானவள் கும்பிட்டாள். தினமும் தடவிப் பார்த்தாள். மொறமொறவென்று பிளாஸ்டிக், பிளாஸ்டிக், பிளாஸ்டிக். நேற்றுத்தான் வழுக்கியது. வழுக்கியதா? விளக்குப் போட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. இல்லை என்று கண்ணால் கண்டுவிட்டால் இங்கே வந்து உட்கார முடியாது. அவரிடம், தொட்டியத் தொடாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். அடுத்த ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறதே, அதற்குள் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் பண்ணிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இவர்களிடம் சொல்லிவிடலாமா? தோல்விக்கு இங்கே இடம் உண்டு என்று வகுப்பில் அடித்துச் சொன்னார்களே. சோதனை தோற்றால் தோல்வி, சந்தை தோற்றால் தோல்வி, வீட்டுக்காரர் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டார் என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, போய் மறுபடியும் வளர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார்கள். எதை வைத்து? சொல்லாமல் விட்டால் பணம் வரும், நல்ல ஆய்வுக்கூடம் வரும், அந்தக் கடுகளவைக் காப்பாற்ற ஆள் கிடைப்பார்கள். நேற்று வழுக்கியது நிஜமென்றால் சொல்லாமல் விடுவது பொய்யே இல்லை. வெறும் ஈரமென்றால் ஊரான் காசில் செத்த பிணத்துக்குத் தொட்டில் ஆட்டுகிற வேலை. எல்லாம் ஒரு விரல் நுனியில் வந்து நிற்கிறது. பொள்ளாச்சிக்காரர் எப்போது உள்ளே போனார், எப்போது எந்திரத்தின் காலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார் என்பதே தெரியவில்லை. முகம் பார்த்தால் கொடுத்த மாதிரியும் இல்லை, கொடுக்காத மாதிரியும் இல்லை. "நல்லாத்தான் பேசறாங்க, போங்க" என்று சொல்லிவிட்டு லிப்டைத் தேடிப் போனார். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீள மேஜை, முந்திரி பிஸ்கட், தலைவராக ஒரு பெரிய மில்காரர், பக்கத்தில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, இன்னும் ரெண்டு பேர். உயிரியல் படித்த பேராசிரியர் ஒருவர் முதல் சுற்றில் குடைந்து குடைந்து கேட்டாரே, அவர் நாற்காலி காலியாக இருந்தது. காய்ச்சலாம். அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் துள்ளியது, துள்ளியதற்காக அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. "உங்களுதுதாம்மா இன்னிக்கு வந்ததுலயே பெருசு. நொய்யலாத்துல மறுபடி தண்ணி ஓடோணுங்கறீங்க, அவ்வளவு தூரம் யோசிக்க ஒரு தைரியம் வேணும்" என்றார் தலைவர். நிஜமாகவே சொன்னார், கண்ணில் தெரிந்தது. நல்லவர்களாக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். அந்த அம்மா, "தொட்டி இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். இதோ வந்துவிட்டது. சுகந்தி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுக்காரரு தொட்டியக் கழுவிட்டாருங்க மேடம்" என்றாள். சொல்லிவிட்டாள்! காது அடைத்துக்கொண்டது. தலைவர் கடகடவென்று சிரித்தார். "பாத்தீங்களா? இதத்தான் நான் சொல்றது. குடும்பமே பின்னாடி நிக்கோணும். எங்க மில்லுலயும் கழுவாம ஒரு நட்டு இருக்காது." எல்லாரும் சிரித்தார்கள், பிஸ்கட் தட்டு அவள் பக்கம் நகர்ந்தது. "இப்ப ஓடுதுங்களாம்மா?" என்றார் தலைவர். இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அது பாசி இல்லை, அதுதான் உயிர், அது போய்விட்டது என்று ஒரே மூச்சில் சொன்னால் போதும். ஒரு தடவை சொல்லியாயிற்றே, புரியாதது என் குற்றமா என்று உள்ளே ஒன்று வக்கீல் மாதிரி எழுந்து நின்றது. "ஓடுதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவர் எழுந்து நின்று கும்பிட்டு, "நல்லா வரும்மா. நாங்க இருக்கறோம்" என்றார்.

வெளியே வந்து ஜன்னலோரம் நின்றாள். சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை, அடுப்பை அணைத்தோமா என்று நினைக்கிற மாதிரி ஏதோ ஒரு அரிப்பு மட்டும் இருந்தது. போன் அடித்தது. அவர்தான். "என்னாச்சு அம்மிணி?" "குடுத்துட்டாங்க" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம், ஒரு விசும்பல்கூட. "எனக்குத் தெரியும்! நீ பஸ் ஏறுனதும் கம்பெனிக்கு லீவு சொல்லிப்போட்டு மொத வேலையா அதத்தான் செஞ்சேன். நல்ல காரியத்துக்குப் போயிருக்கற, இங்க உன்ற மிசினு அழுக்கா இருக்கலாமா? மறுபடியும் பாசம் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு அம்மிணி. எப்படித்தான் இத்தன வெரசாப் புடிக்குதோ." அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். "எந்தத் தட்டுலங்க?" "எல்லாத் தட்டுலயுந்தான். லேசாப் பழுப்பா, தொட்டா வழுக்குது." உயிரோடு இருந்திருக்கிறது! எல்லாத் தட்டிலும்! முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கமில்லாத சந்தோஷம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதற்குள் அவர் சொல்லிக்கொண்டே போனார், "பூராவும் தேச்சு எடுத்துப்போட்டேன். போன தடவ அந்தத் தண்டு இடுக்குல உட்டதுதான் தப்பு, அங்கருந்துதான் பரவுது. இன்னிக்குப் பழைய பல்லு பிரசு போட்டு இடுக்கெல்லாம் நோண்டி எடுத்துட்டேன். இனி நீ கவலப்படாத, வாராவாரம் நானே கழுவி உட்டர்றேன்."

கீழே கல்லூரி விட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மிணி? கேக்குதா?" "கேக்குதுங்க" என்றாள். பிறகு, வங்கிக்காரருக்குச் சொன்னதைவிட, லிப்டில் வரப்போகும் பணக்காரருக்குப் பழகினதைவிடச் சுருக்கமாக வந்தது. "ஏனுங்க, அந்தப் பாசந்தானுங்க நான் வளத்துனது. தட்டு இல்லீங்க, மோட்டாரு இல்லீங்க. அதுதான் தண்ணியச் சுத்தம் பண்றது." போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள், அறுபடவில்லை. "அப்ப ஆயுத பூசைக்கு..." என்றார். "ஆமாங்க." எங்கேயோ கதவு திறக்கிற சத்தம், அவர் நடக்கிற சத்தம், குனிகிறபோது வருகிற அந்த முனகல். அவர் மறுபடி பேசினபோது குரல் அவர் குரலாகவே இல்லை. "கழுவுன தண்ணி பக்கெட்டுல இருக்குது அம்மிணி. இன்னும் ஊத்தல. கலங்கலா இருக்குது. பிளீச்சிங் போட்டதுதான்... ஆகுமா?" ஆகாது. பிளீச்சிங் பட்ட நிமிஷத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். "ஊத்திராதீங்க" என்றாள். "மூடி வெய்யுங்க. நான் வந்தர்றேன்."